மரமும் விதியும்

ஒரு மரத்தின் பயன் அதை நட்டவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. பேராக் மாநிலத்தின் அரச நகரமான கோலகங்சாரில் நிற்கும் முதிய ரப்பர் மரமே இதற்குச் சான்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோவினால் கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசான் காட்டு மக்கள் பந்து உருட்டவும் நீர் புகாத துணி செய்யவும் பயன்படுத்திய பால், பிறிதொரு மண்ணில், பிறிதொரு காலத்தில் உலகத்தின் சக்கரங்களை உருட்டத் தொடங்கியது. மரம் அதே மரம். பயன் வேறு, பயன்கொண்டோர் வேறு.

கணினி உலகிலும் இத்தகைய மரம் ஒன்று உண்டு. கண்ணுக்குக் காட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்ட அம்மரம், பின்னர்ப் பார்வையற்றோரின் காதுக்குச் சொல்லவும் பயன்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் புதிய மரம் ஒன்றை நடவில்லை. இருந்த மரத்தின்மேல் விதிகளை எழுதினார்கள். அவ்வாறு எழுதப்பட்ட விதிகளின் வரிசையில் தமிழின் ஒலி விதிகளும் இன்று இடம்பெற்றுள்ளன. அந்த வரலாற்றையும், அதில் பேராக் தமிழருக்கு உள்ள பங்கையும் கடமையையும் எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

திரைக்குள் ஒரு மரம்

கணினித் திரையில் காணும் சாளரங்களும் பொத்தான்களும் பட்டியல்களும் தனித்தனியே மிதக்கும் ஓவியங்கள் போலத் தோன்றும். உள்ளே அவை ஒன்றுக்கொன்று உறவுடையவை. திரை முழுவதும் வேர். அதன்மேல் தோன்றும் சாளரம் கிளை. சாளரத்துக்குள் இருக்கும் கட்டம் அக்கிளையின் கிளை. கட்டத்துக்குள் இருக்கும் பொத்தான் அதன் இலை.

பழைய ரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. உச்சியில் துரை, அவருக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி அல்லது மண்டோர், அவருக்குக் கீழே பால்வெட்டுத் தொழிலாளர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, தோட்டம் முழுவதும் இந்த ஒழுங்கிலேயே நின்றது. கட்டளை மேலிருந்து கிளை வழியாக இறங்கும். குறை கீழிருந்து கிளை வழியாக ஏறும். தொழிலாளியின் குறையை மண்டோரே தீர்த்துவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். தீர்க்காவிட்டால் கிராணிக்குப் போகும். பிறகே துரையை எட்டும். திரையில் ஒரு பொத்தானை அழுத்தும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அழுத்தம் என்ற செய்தியைப் பொத்தானே ஏற்றுக்கொள்ளலாம். இல்லையேல் அதைத் தாங்கும் கட்டத்திற்கும், பின்னர்ச் சாளரத்திற்கும் செய்தி ஏறிச்செல்லும்.

இந்த மரவமைப்பு படிப்படியாக உருவானது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட், சுட்டெலியைக் கொண்டு திரையை இயக்கிக் காட்டினார். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகம் 'ஆல்ட்டோ' என்னும் கணினியை உருவாக்கியது. 1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் சாளர முறை தோன்றியது. அதன் பதினோராம் வடிவம் 1987-இல் வெளிவந்தது. அம்முறையில் 'வேர்ச் சாளரம்', 'தாய்', 'சேய்' என்னும் உறவுச் சொற்கள் முறையான கலைச்சொற்களாகவே நிலைபெற்றன. அதன்மேல் எழுந்த கருவித்தொகுதிகள், பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி முதலிய ஆயத்த உறுப்புகளை நிரல் எழுதுவோர்க்கு வழங்கின. ஜான் ஆஸ்டர்ஹவுட் அமைத்த 'டிகே' என்னும் கருவித்தொகுதியில், ஒவ்வோர் உறுப்பின் பெயரும் வேரிலிருந்து அதுவரை வரும் பாதையாகவே எழுதப்பட்டது. தோட்டத்தின் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்து ஒருவரை அடையாளம் சொல்லும் வழக்கத்தை அது நினைவூட்டும்.

இவை யாவும் செய்யப்பட்டது திரையில் அழகாகவும் ஒழுங்காகவும் வரைவதற்காகவே. எது எதன்மேல் படியும், எது எதனுள் அடங்கும், சாளரம் சுருங்கினால் எது சுருங்கும் என்பவற்றை அறிந்துகொள்ள மரம் தேவைப்பட்டது. அம்மரத்தில் வேறு பயன் இருக்கக்கூடும் என்பது தொடக்கத்தில் பலருடைய கருத்தில் இல்லை.

விதிகளால் இயங்கும் நிரல்

சாளர முறை வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், பிறிதொரு மரபு வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. அது விதிவழி நிரலாக்கம். வழக்கமான நிரல், முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று வரிசையாகக் கட்டளையிடும். விதிவழி நிரலோ, 'இந்நிலை இருந்தால் இதைச் செய்' என்னும் விதிகளின் தொகுப்பு. எந்த விதி எப்போது இயங்கும் என்பதை நிரல் எழுதுபவர் வரிசைப்படுத்துவதில்லை. அப்போதைய நிலையே அதைத் தீர்மானிக்கும்.

பால்வெட்டின் ஒழுங்கும் இத்தகையதே. பட்டை மழையில் நனைந்திருந்தால் வெட்டாதே. நேற்று வெட்டிய மரமானால் இன்று ஓய்வு கொடு. மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டரை எட்டியிருந்தால் புதிய வெட்டுக்குத் திற. தேர்ந்த தொழிலாளி காலையில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓதுவதில்லை. மரத்தைப் பார்த்ததும் பொருந்தும் விதி தானே முன்வரும்.

எமில் போஸ்ட் என்னும் கணித அறிஞர் 1943-இல் இவ்வகை விதிகளின் கணித வடிவை வெளியிட்டார். 1965-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட 'டெண்ட்ரல்' வேதியியல் சேர்மங்களின் அமைப்பை ஊகித்தது. 1970-களில் அங்கேயே எழுந்த 'மைசின்', சில நூறு விதிகளைக் கொண்டு இரத்தத் தொற்றுகளுக்குரிய மருந்தைப் பரிந்துரைத்தது. 1972-இல் பிரான்சின் மார்சேய் நகரில் 'புரோலாக்' பிறந்தது. விதிகள் பெருகியபோது, ஒவ்வொரு முறையும் எல்லா விதிகளையும் எல்லாச் செய்திகளோடும் ஒப்பிடுவது பெருஞ்சுமையாயிற்று. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபோர்கி இதற்கு 'ரீட்டே' என்னும் முறையைக் கண்டார். இலத்தீன் மொழியில் வலை எனப் பொருள்படும் அச்சொல்லுக்கேற்ப, பாதி பொருந்திய விதிகளை வலையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மாறிய செய்தியை மட்டும் அது மீண்டும் ஒப்பிட்டது. 1985-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் உருவாக்கிய 'கிளிப்ஸ்' இம்முறையைப் பரவலாக்கியது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. விதிகள் இயங்கச் செய்திகள் வேண்டும். அச்செய்திகளை யாரேனும் ஒருவர் திரட்டி ஊட்ட வேண்டும். நோயாளியின் நிலையை மருத்துவர் விசைப்பலகையில் தட்டி மைசினுக்குச் சொன்னார். உலகைப் பற்றிய செய்திகள் ஏற்கெனவே ஒழுங்காக அடுக்கப்பட்டு, மாறும்போதெல்லாம் தாமே மாறிக்கொண்டும் இருக்குமானால், விதி எழுதுவோரின் வேலை பாதியாகும். அத்தகைய அடுக்கு ஒன்று ஒவ்வொரு சாளரக் கணினிக்குள்ளும் ஏற்கெனவே இருந்தது. அதுவே திரையின் மரம்.

மரத்தின்மேல் எழுதிய முதல் விதிகள்

இவ்விரு மரபுகளும் முதலில் சந்தித்தது எளிய தேவை ஒன்றில்தான். எக்ஸ் சாளர முறையில், பயனர் தாம் விரும்பும் நிறத்தையும் எழுத்தளவையும் ஒரு கோப்பில் குறித்து வைக்கலாம். 'எந்தச் சாளரத்தில் இருந்தாலும் பொத்தான்கள் எல்லாம் இந்நிறம்' என ஒரு வரி; 'அஞ்சல் நிரலின் அனுப்பும் பொத்தான் மட்டும் வேறு நிறம்' என மற்றொரு வரி. ஒவ்வொரு வரியும் ஒரு விதி. அவ்விதி மரத்தின் பாதையோடு ஒப்பிடப்படும். இரு விதிகள் முரணினால், பொதுவானதைச் சிறப்பானது வெல்லும்.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இம்முறை நன்கு தெரிந்ததே. பொதுவிதி ஒன்றைக் கூறி, அதனை மறுக்கும் சிறப்புவிதியைத் தொடர்ந்து கூறி, எஞ்சியவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்வது நம் இலக்கண நூலோரின் மரபு. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு கூட்டத்தாரும், விதிகள் மோதும்போது எது நிற்கும் என்ற கேள்விக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றனர்.

1994-இல் ஹோக்கன் வியம் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வெளிவந்த இணையப் பக்க அழகு விதிகளும் இதே வழியில் அமைந்தவை. பக்கம் ஒரு மரம். அழகு ஒரு விதித்தொகுப்பு. பின்னாளில் அதே விதிமொழியைக் 'கியூட்டி', 'ஜிடிகே' முதலிய கருவித்தொகுதிகளும் தம் மரங்களுக்கு ஏற்றுக்கொண்டன. ஆனால் இவை எல்லாம் கண்ணுக்குரிய பணிகளே. மரத்தைக் கண்ணிலிருந்து விடுவித்த முயற்சி வேறொரு நெருக்கடியில் பிறந்தது.

திரை ஊமையான காலம்

சாளரங்கள் வருவதற்கு முன், கணினித் திரையில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஒவ்வோர் எழுத்தும் எழுத்தாகவே நினைவகத்தில் இருந்தது. ஆகவே அவற்றை வரிசையாக எடுத்துப் பேசும் கருவியை அமைப்பது இயன்றது. பார்வையற்றோர் பலர் அத்தகைய கருவிகளால் அலுவலகங்களில் வேலைபெற்றனர்.

சாளரங்கள் வந்ததும் அந்த வாயில் அடைபடத் தொடங்கியது. திரையில் இப்போது இருந்தவை எழுத்துகள் அல்ல, புள்ளிகள். பார்வையுள்ளோர்க்குக் கணினியை எளிதாக்கிய அதே மாற்றம், பார்வையற்றோரின் கையிலிருந்து அதைப் பறித்தது. வரையப்படும் எழுத்துகளை வழியிலேயே ஒட்டுக்கேட்டு, திரைக்குப் பின்னால் ஒரு நிழல் திரையை அமைத்துக்கொள்வது முதல் தீர்வாக இருந்தது. அது உழைப்பு மிகுந்தது; பிழை மலிந்தது. ஓரிடத்தில் 'சேமி' என்ற சொல் வரையப்பட்டது என்பதை நிழல் திரை அறியும். அது பொத்தானா, தலைப்பா, கடிதத்தில் வந்த சொல்லா என்பதை அது ஊகிக்கவே வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் மைனாட், கீத் எட்வர்ட்ஸ் முதலியோர் 'மெர்க்கேட்டர்' என்னும் திட்டத்தில் வேறு வழியை நாடினர். உருண்டையான உலகைத் தட்டையான தாளில் வரைந்து காட்டிய பதினாறாம் நூற்றாண்டு நிலப்பட அறிஞரின் பெயரையே அதற்கு இட்டனர். கண்ணுக்குரிய திரையைக் காதுக்குரிய வெளியாக மாற்றுவதே அவர்கள் நோக்கம். எழுத்து எப்படி வரையப்படுகிறது என்று பார்ப்பதை விட்டு, எந்த உறுப்பு எதனுள் இருக்கிறது என்று கருவித்தொகுதியிடமே கேட்டனர். இதற்கு 'எடிட்ரெஸ்' என்னும் வசதி உதவியது. நிரலாளர்கள் தம் சாளரங்களின் மரத்தைப் பார்த்து நிறங்களையும் அளவுகளையும் திருத்திக்கொள்வதற்கென அமைக்கப்பட்டது அது. அழகு பார்க்க வைத்த சன்னலே, பார்வையற்றோர்க்கு வாயிலாயிற்று.

கிடைத்த மரத்தைக் கொண்டு மெர்க்கேட்டர் தனக்கென ஒரு மாதிரியை அமைத்தது. அதன்மேல் விதிகள் இயங்கின. உறுப்பு பொத்தானாக இருந்தால் இந்த ஒலி. பட்டியலாக இருந்தால் அந்த ஒலி. சாளரத்தைத் தொட்டால் கண்ணாடியைத் தட்டும் ஓசை கேட்டது. எழுத்துப் பெட்டியைத் தொட்டால் பழைய தட்டச்சுப்பொறியின் ஓசை கேட்டது. பயனர் திரையில் இடம், வலம் எனத் தடவித் தேடவில்லை. மரத்தின் கிளையிலிருந்து கிளைக்கு ஏறி இறங்கினார்.

நகலும் மூலமும்

இம்முயற்சி மூன்று உண்மைகளை வெளிப்படுத்தியது. முதலாவது, நகல் பழசாகிவிடும் என்பது. பெரட்டுப் புத்தகத்தில் பத்துப் பெயர் இருக்கலாம். இருவர் நேற்றிரவே வேறு தோட்டத்திற்குப் போயிருக்கலாம். அதுபோல, மூல மரத்தில் ஒரு சாளரம் மூடப்பட்டும் நகல் மரத்தில் அது இருந்துகொண்டே இருந்தால், விதி இல்லாத பொத்தானைப் பற்றிப் பேசும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் மூலமே அறிவிக்க வேண்டும் எனக் குழுவினர் வலியுறுத்தினர். அதற்குத் தேவையான கொக்கிகள் 1994-இல் வெளிவந்த எக்ஸ் பதினோராம் வடிவத்தின் ஆறாம் வெளியீட்டில் சேர்க்கப்பட்டன.

இரண்டாவது, வரைவதற்கு வேண்டிய கிளைகள் எல்லாம் கேட்பதற்கு வேண்டியதில்லை என்பது. பொத்தான்களை வரிசையில் நிறுத்துவதற்காக மட்டும் இருக்கும் வெற்றுக் கட்டங்கள் ஏராளம். அவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர் சலித்துப்போவார். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று கிளை கழிக்கவும் விதி வேண்டும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. மரத்தில் இல்லாததை எந்த விதியாலும் சொல்ல இயலாது. படம் மட்டும் ஒட்டி, பெயர் எழுதாமல் விட்ட பொத்தான் காதுக்கு வெறும் 'பொத்தான்' மட்டுமே. ஆயிரம் விதி எழுதினாலும் அது 'அனுப்பு' என்று ஒலிக்காது.

இப்பாடங்கள் வீணாகவில்லை. 1997-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் திரை உறுப்புகளின் மரத்தைப் பிற நிரல்களுக்குத் திறந்துவிடும் முறையை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் தத்தம் முறைகளை அமைத்தனர். இன்று ஒவ்வொரு கணினியிலும் கைப்பேசியிலும், கண்ணுக்கான மரத்தின் அருகே அணுகலுக்கான மரம் ஒன்று நிற்கிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். விலைகொடுத்து வாங்க வேண்டிய திரைவாசிப்பான்கள் எளியோர்க்கு எட்டாதிருந்த நிலையில், அது இலவசமாக வழங்கப்பட்டது.

தமிழ் ஒலிக்கும் விதி

மரம் 'இங்கே எழுத்து இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் போதாது. அந்த எழுத்தை ஒலியாக்க வேண்டும். இங்கேதான் தமிழ் உள்ளே நுழைகிறது.

ஜொனாதன் டடிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1995-இல் தொடங்கி வளர்த்த பேச்சுப்பொறி, 2006-இல் 'ஈஸ்பீக்' என்னும் பெயரில் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. அதன் வழித்தோன்றலையே என்விடிஏ தன்னோடு சேர்த்து வழங்குகிறது. ஒவ்வொரு மொழிக்கும் அதில் ஒரு விதிக்கோப்பும் ஒரு விலக்குப் பட்டியலும் உண்டு. தமிழுக்கும் இவ்விரண்டும் உள்ளன. விதிக்கோப்பின் ஒவ்வொரு வரியும், 'இவ்வெழுத்துக்கு முன்னும் பின்னும் இவை வந்தால், இவ்வாறு ஒலி' என்ற வடிவினது.

தமிழெழுத்து இவ்வகை விதிகளுக்கு மிகவும் இசைந்தது. தமிழில் ககரம் ஒன்றே. அதன் ஒலி இடத்தால் மாறும். 'கல்' என்பதில் சொல்லின் முதலில் வல்லென்று ஒலிக்கும். 'அக்கா' என்பதில் இரட்டித்து மேலும் வலுப்பெறும். 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து வந்து தணிந்து ஒலிக்கும். 'அகம்' என்பதில் இரு உயிர்களுக்கிடையே இளகிவிடும். சகரமும் டகரமும் தகரமும் பகரமும் தத்தமக்குரிய வகையில் இவ்வாறே இடத்திற்கேற்ப மாறும். தமிழ்ச் சிறுவன் தாய்மடியில் கற்றுக்கொள்ளும் இதனைக் கணினிக்கு ஒவ்வொரு வரியாக எழுதித்தர வேண்டியிருந்தது. எழுத்ததிகாரத்தில் எழுத்துகளின் பிறப்புக்கென்றே தனி இயல் வகுத்த தொல்காப்பியரின் மரபில் வந்த மொழிக்கு, விதியெழுதும் பணி அயலானதன்று.

எண்களும் அவ்வாறே. 1948 என்னும் நான்கு இலக்கத்தை 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு' என்று ஒலிக்க, ஆயிரம் 'ஆயிரத்து' எனத் திரிவதும், நூறு 'நூற்று' எனத் திரிவதும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் தனித்து நிற்பதும் விதிகளாக்கப்பட வேண்டும். புணர்ச்சி இலக்கணம் பள்ளித் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் கருத்தில் கொள்ளத்தக்கது இது.

பீடோரும் பத்து காஜாவும்

எனினும் பொதுவிதி எல்லா மண்ணிலும் செல்லுபடியாகாது. பேராக்கின் ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. 'பீடோர்' என்று தமிழில் எழுதுகிறோம். சொல்முதற் பகரம் வல்லென்று ஒலிக்கும் என்பது விதி. மலாய் வழக்கிலோ அது 'கம்பம்' என்னும் சொல்லின் இடையில் வரும் பகரத்தைப் போலத் தணிந்தே ஒலிக்கும். 'கோப்பெங்' என்பதன் முதற் ககரமும், 'தங்கம்' என்னும் சொல்லில் வருவது போல ஒலிக்க வேண்டியது. 'பத்து காஜா' இன்னும் சிக்கலானது. மலாயில் கல் யானை என்று பொருள்படும் அவ்வூரின் பெயரைப் பொதுவிதி மட்டும் கொண்டு படித்தால், முற்சொல் தமிழின் எண்ணுப்பெயராகவே ஒலிக்கும்.

ஈப்போவில் பேருந்து அட்டவணையைக் காதால் கேட்கும் ஒருவருக்கு இது சிறு குறையன்று. ஊரின் பெயர் பிழையாக ஒலித்தால் ஊரே தவறிப்போகும். விதிக்கோப்பை எழுதுவோர் மலேசியத் தமிழின் வழக்கை அறிந்திருப்பர் என்று எதிர்பார்க்க முடியாது. பெரட்டு, லயம், செம்பனை, கம்பம், வெள்ளி முதலிய சொற்கள் இங்கே கொள்ளும் பொருளையும் ஒலியையும் இங்குள்ளோரே எழுதித்தர வேண்டும். விலக்குப் பட்டியல் என்பது இலக்கண நூலோரின் புறனடையே. புறனடையை எழுத வேண்டியவர் அந்நிலத்து வழக்கறிந்தோரே. ஈஸ்பீக் கட்டற்ற மென்பொருளாதலின், அதனைத் திருத்த யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை, உழைப்பே வேண்டும்.

மரம் யாருக்குப் பால் தரும்?

பேராக்கின் வரலாற்றில், இருந்த அமைப்பைப் புதிய நோக்கத்திற்குத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்து நின்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கியது. மரங்கள் மாறவில்லை; வெட்டும் முறையும் மாறவில்லை. யாருக்காகப் பால் வடிந்தது என்பதே மாறியது. திரையின் மரத்தை மறுபயன் கொண்டோர் செய்ததும் அத்தகையதே. பார்வையுள்ளோர்க்கென நடப்பட்ட மரத்தில் பார்வையற்றோர்க்கும் பங்கு பெற்றுத் தந்தார்கள்.

அப்பங்கு தமிழர்க்கு முழுமையாகக் கிடைத்துவிட்டதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தனர். கண் தமிழைக் கண்டது. மரத்தில் இருந்ததோ பொருளற்ற பிற எழுத்துகள். 1991-இல் வெளிவந்த யூனிகோடு தரநிலையில் தமிழுக்கு இடம் கிடைத்து, பின்னர் அது கணினிகளில் பரவிய பின்னரே தமிழ் மரத்தில் தமிழாக ஏறியது. அத்தடை நீங்கிய பின்னும் வேறொரு தடை நிற்கிறது. பழைய நூல்களும் பள்ளி மலர்களும் சங்க மலர்களும் ஒளிப்படமாக மட்டுமே கணினியில் ஏற்றப்படுகின்றன. ஒளிப்படத்திற்குள் எழுத்து இல்லை, புள்ளிகளே உண்டு. 1990-இல் ஊமையான திரை, அத்தகைய பக்கங்களில் இன்றும் ஊமையாகவே இருக்கிறது.

இதன் இழப்பு பேராக்கில் தனித்தன்மை உடையது. ரப்பர் நின்ற காடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. லயங்களில் வாழ்ந்தோர் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் சென்றுவிட்டனர். அவர்களின் தோட்டம் இப்போது எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளியின் பெயரிலும், கோயில் மலரிலும், யாரோ ஒருவர் எழுதிய கட்டுரையிலும்தான். விடியுமுன் நெற்றி விளக்கின் ஒளியில் மரம் வெட்டிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. நீரிழிவாலும் கண்புரையாலும் பார்வை மங்கியோர் அவர்களுள் உண்டு. தம் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட பக்கத்தைத் தாமே படிக்க இயலாத அவர்களுக்கு, பேரப்பிள்ளையின் கைப்பேசி அதைப் படித்துச் சொல்லக்கூடும். அந்தப் பக்கம் எழுத்தாக இருந்தால் மட்டுமே சொல்லும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. செய்ய இயல்பவையும் ஆகும். வெளியிடும் நூல்களை ஒளிப்படமாக மட்டுமன்றி எழுத்தாகவும் வைப்பது. படங்களுக்கும் பொத்தான்களுக்கும் தமிழில் பெயர் எழுதுவது. மலேசியத் தமிழ்ச் சொற்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் ஒலிப்பு விலக்குகளைத் தொகுத்து வழங்குவது. இவற்றுக்குப் புதிய மரம் வேண்டியதில்லை. மரம் ஏற்கெனவே நிற்கிறது. விதிகளும் பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டன. மரத்தில் ஏற வேண்டியது தமிழ் எழுத்தும், விதியில் சேர வேண்டியது இம்மண்ணின் வழக்குமே.

கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட மரங்களிலிருந்து எழுந்த தொழிலில் வியர்வை சிந்தியவர்கள் தமிழர்கள். அந்த மரத்தின் பயனில் அவர்களுக்குரிய பங்கு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. திரைக்குள் நிற்கும் மரத்திலேனும் அவ்வளவு காலம் காத்திருத்தல் வேண்டா.